ஜனாதிபதியின் படத்துக்குப் போட்ட மாலை

ஸ்காபரோ,
12.03.1994

ஜெயரட்ணம் அத்தானுக்குத் தியாகலிங்கம் எழுதுவது. குணவதி அக்காவும் உங்கள் மகள் நிரூபாவும் சுகம். நான் சுகமில்லை. உங்கள் பார்சல் வந்த நாளிலிருந்து பிரஷர் ஏறிக் கிடக்கிறது.

நானூறு பக்கம்! நீங்கள் இன்னும் விட்டு வராத அந்த நாட்டின் முதலாவது ஜனாதிபதியின் வாழ்க்கை வரலாறு. மாடு மேய்த்தாராம், சிறையிருந்தாராம், வெள்ளைக்காரனிடம் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தாராம். மெத்தச் சரி. பிறகு இருபத்தைந்து வருடம் கதிரையை விட்டு எழும்பாததை ஏன் அரைப் பக்கத்தில் முடித்தீர்கள்? இதை நான் இங்கே அச்சடித்து, என் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து விற்கவேண்டுமாம்!

அங்கே நான் வைத்திருந்த கடையைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கடைக்குக் கடை அவர் படம் தொங்கவேண்டும் என்று சட்டம் வந்தது. கெட்டித்தனம் என்று நினைத்து, சாமிப் படத்துக்குப் போல் சந்தனப் பொட்டு வைத்து மாலையும் போட்டேன். எவனோ கோள்மூட்டிவிட்டான். பொலிஸ்காரன் வந்து, பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த உங்களைக் கூப்பிட்டு, உங்கள் ஆட்கள் மனிதரின் படத்துக்கு எப்போது மாலை போடுவார்கள் என்று கேட்டான். ‘செத்தாப் பிறகுதான் சேர்’ என்றீர்கள். பொய் சொல்லத் தெரியாத வாத்தியார்! ஜனாதிபதி சாக நான் சூனியம் செய்ததாக எழுதி, கடைக்குச் சீல் வைத்து, என்னை விமானத்தில் ஏற்றினார்கள். இங்கே வந்து மூன்று வருடம் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினேன்.

அதை விடுவோம். வைகாசியில் றிச்மண்ட் ஹில் கோயிலில் நிரூபாவின் கலியாணம். மாப்பிள்ளை வாகீசன் நல்ல பெடியன். நீங்களோ, பதவி போன பிறகு அந்த மனிதரை ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை, நோயாளி, கடைசி அத்தியாயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறார், விட்டுவிட்டு வரமுடியாது என்று எழுதுகிறீர்கள். அக்கா இங்கே ஆறு வருடமாகத் தனியே இருக்கிறாள். அவளுக்கு எத்தனை அத்தியாயம் எழுதினீர்கள்? அவருடைய எட்டுப் பிள்ளைகளின் பிறந்த திகதியும் புத்தகத்தில் இருக்கிறது. நிரூபாவுடையதைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

‘அவர் வரமாட்டார், நீயே நில்லடா தம்பி’ என்கிறாள் அக்கா. தாய்மாமன் தாரை வார்க்கலாம் என்று ஐயரும் சொல்கிறார். ஏலாது என்று இருவருக்கும் சொல்லிவிட்டேன். தகப்பன் உயிரோடு இருக்க, அவர் இருந்து தாரை வார்க்கவேண்டிய பலகையில் நான் இருக்கமாட்டேன். அது வெறுமையாய்க் கிடந்தால் கிடக்கட்டும், சனம் பார்க்கட்டும்.

விமான ரிக்கற் இத்துடன் இருக்கிறது. வந்து என்னோடு சண்டை பிடியுங்கள், பேசாமல் இருங்கள், உங்கள் விருப்பம். பிள்ளையின் கையை மட்டும் நீங்களே பிடித்துக் கொடுங்கள் அத்தான்.

உங்கள் மச்சான்,
தியாகலிங்கம்