தவிட்டுக்கு வாங்கின பெயர்

சங்கரன்கோவில்
14.6.2024

அன்புள்ள சுபா,

இங்கு எல்லோரும் நலம். நீயும் விஜய்சங்கர் அண்ணனும் சுகமா? அண்ணனுக்கு வேலை ஏதாவது அமைந்ததா? எழுதவே மாட்டேன் என்கிறாய்.

உன் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். போன முதல் நாளே என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்துவிட்டாள். புது டீச்சர் ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். இவள் எழுந்து நின்று, "நான் மீனா அம்மா பெத்த பிள்ளை இல்ல டீச்சர். சுபா அம்மா ஒரு படி தவிடு குடுத்து வாங்குன பிள்ளை. வளக்கத்தான் இவங்ககிட்ட விட்டிருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் சென்னைப் பக்கத்துக்காரர். மிரண்டுபோய் என்னைக் கூப்பிட்டு, தத்துக் கொடுத்த பத்திரம் இருக்கிறதா என்று கேட்டார்!

முதல் இரண்டும் தங்கவில்லை டீச்சர், மூன்றாவதாவது நிற்க வேண்டும் என்று பிறந்த அன்றே சிநேகிதிக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டோம், எங்கள் பக்கத்து வழக்கம், எமன் வந்து கேட்டால் 'அது எங்கள் பிள்ளை இல்லை' என்று சொல்லிவிடலாம் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். வெளியே வந்ததும் சண்முகப்ரியா என் கையைப் பிடித்து, "அப்ப என்னை வாங்குன பில் எங்க?" என்றாள். நம் ஃபேஸ்புக் பக்கத்தில் அடுத்த வாரம் எழுத எனக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

இனி கெட்ட செய்தி. எழுதலாமா என்றுதான் தெரியவில்லை. நேற்று ரிஜிஸ்தர் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. 'தவிட்டுப் பிள்ளை' என்பது ஒரு சத்துமாவின் பெயராம். நான் ஏழு வருஷமாக அந்தப் பெயரில் எழுதுவதை நிறுத்த வேண்டுமாம். பக்கத்தை எடுக்க வேண்டும், புத்தகத்தை விற்கக் கூடாது, பள்ளிக்கூடங்களில் அந்தத் தலைப்பில் பேசக் கூடாது. கம்பெனியின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீ வேலை பார்க்கிற கம்பெனி! ஊருக்கெல்லாம் மாவு விற்கிறவர்களுக்கு என்னைத் தெரியாமல் இருக்கலாம், உன்னைத் தெரியுமே. உங்கள் மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. ஏதோ தப்பாக அனுப்பியிருக்கிறார்கள்.

உன்,
மீனா


சென்னை
25.6.2024

அன்பு மீனா,

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பில் விஷயத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் எத்தனை பேர் படித்தாலும், எனக்கென்று காகிதத்தில் எழுதி வருவதைப் படிக்கிற சுகம் தனி. அவள் சொல்வதை எல்லாம் முதலில் கேட்கிறவள் நான் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, உனக்குத் தெரியும்.

நோட்டீஸ் வந்தது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் பெயர் எப்படிப் போனது என்று தெரியும். தை மாதம் ஒரு மீட்டிங். தவிடு சேர்த்த குழந்தை மாவுக்கு ஊர்ப்பக்கப் பெயராக ஒன்று வேண்டும் என்றார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த ஆபீசில் எனக்கு யாரும் கை தட்டியது அதுதான் முதல் தடவை. நீயும் சந்தோஷப்படுவாய் என்றுதான் நினைத்தேன். அது சட்டப் பிரிவுக்குப் போய், உன் வீட்டு வாசலுக்கு நோட்டீசாக வரும் என்று நினைக்கவில்லை.

அவசரப்பட்டு எதற்கும் பதில் போடாதே. நான் பேசிப் பார்க்கிறேன். பிரியாவுக்கு ஒரு கவுன் அனுப்பியிருக்கிறேன். கொஞ்சம் பெரிதாக இருக்கும், மடித்துத் தைத்துக்கொள்.

விஜய்க்கு இன்னும் ஒன்றும் அமையவில்லை.

அன்புடன்,
சுபா


சங்கரன்கோவில்
8.7.2024

அன்புள்ள சுபா,

கவுன் வந்தது. போட்டுக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றி வந்துவிட்டாள்.

நீ பதில் போட வேண்டாம் என்றாய். ஆனால் இரண்டாவது நோட்டீசும் வந்துவிட்டது. வீட்டில் சிவகணேஷுக்குப் பயம். என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய் சலாவுதீன் என்கிற வக்கீலிடம் உட்கார வைத்தார். நல்ல மனிதர். நம் புத்தகத்தை அவர் மனைவி படித்திருக்கிறாராம். "பயப்படாதீங்கம்மா. பேரை முதல்ல ஊருக்குக் காட்டுனது யாருங்கிறதுதான் கேஸே. அவங்க மாவு வந்து ஆறு மாசம்கூட ஆகல. நீங்க ஏழு வருஷமா எழுதுதீங்க. எல்லாத்தையும் எடுத்து வைங்க" என்றார்.

எடுத்து வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார், முகம் மாறியது. பக்கத்தை ஆரம்பித்தது சுபலட்சுமி. புத்தகத்தின் உரிமை சுபலட்சுமி. "எழுதுனது நீங்கங்கீங்க. எல்லாம் எதுக்கு அவங்க பேர்ல?" என்றார்.

அவருக்கும் அந்த டீச்சருக்குச் சொன்ன கதையைத்தான் சொன்னேன். விற்ற பிள்ளையின் எதுவும் பெற்றவள் பெயரில் இருக்கக் கூடாது. முதல் கொலுசை நீ போட்டாய். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது கையைப் பிடித்து நீ கூட்டிப்போனாய். நான் எழுதுகிற கடிதங்களை நீ சென்னையில் டைப் செய்து பக்கத்தில் போட ஆரம்பித்தபோது என் மாமியார் நெல்லையம்மாள், "அவளைப் பத்தின எழுத்தும் அவளை மாதிரிதான்ட்டி, உன் பேர்ல இருக்கக் கூடாது" என்றார்கள். நாம் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்தோமே தவிர, அப்படியேதான் செய்தோம். வக்கீல் சிரிக்கவில்லை.

உன்னிடமிருந்து ஒரு வாக்குமூலம் போதும் என்கிறார். 'வழக்கத்துக்காக என் பெயரில் வைத்தோம், எழுத்தும் பெயரும் மீனலோசினியுடையது' என்று. நீ ஆடித் தபசுக்கு வருவாய் அல்லவா? அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிடலாம். உன் வேலைக்கு இடைஞ்சல் வரும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி இருந்தால் உன்னிடம் கேட்பேனா?

உன்,
மீனா


சென்னை
17.7.2024

அன்பு மீனா,

இந்தத் தடவை தபசுக்கு வர முடியாது. லீவு கிடைக்கவில்லை. அம்மனிடம் எனக்காகவும் வேண்டிக்கொள்.

நீ கேட்டதைப் பற்றி. நேற்று மேனேஜர் கூப்பிட்டார். பக்கமும் புத்தகமும் என் பெயரில் இருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை, அவர்களே பார்த்திருக்கிறார்கள். நல்லவிதமாகத்தான் பேசினார்கள் மீனா. உன் மேல் அவர்களுக்குக் கோபம் இல்லை. மாவுப் பாக்கெட் ஒவ்வொன்றிலும் பிள்ளை வளர்ப்பது பற்றி இரண்டு வரி வேடிக்கையாக எழுதித் தருகிறாயா என்று கேட்கச் சொன்னார்கள். உன் எழுத்து தமிழ்நாடு முழுக்கக் கடை கடையாகப் போகும். அடியில் சின்னதாக உன் பெயரும் வரும். பக்கத்தை மட்டும் மூடிவிட வேண்டும்.

யோசித்துப் பார். ராசியாகப் போவதில் என்ன தப்பு? இந்த வீட்டில் இப்போது வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். விஜய் பகல் முழுக்கப் படுத்தே கிடக்கிறார், என்னோடும் பேசுவதில்லை. இந்த நேரத்தில் கம்பெனிக்கு எதிராக என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

பிரியாவுக்கு முன்பல் முளைத்துவிட்டதா? எழுது.

சுபா


சங்கரன்கோவில்
12.8.2024

சுபா,

தபசுக்குப் போனோம். கூட்டத்தில் அவளை யார் தோளிலும் ஏற்ற முடியவில்லை. சிவகணேஷுக்கு இடுப்பு வலி. வருஷா வருஷம் நீதான் தூக்கிக்கொள்வாய். சாமி தெரியவில்லை என்று அழுதாள்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில் உங்கள் மாவைப் பார்த்தேன். பாக்கெட்டில் ஒரு பெண்பிள்ளை படம். இரட்டைச் சடை, முன்பல் இல்லை, இடுப்பில் கை. போன வருஷம் பல் விழுந்த கதையை உனக்கு எழுதினேனே, பல்லைக் கூரையில் போட மறுத்து, 'மாடி வீட்டுக்காரங்க எங்க போடுவாங்க' என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நியாயம் கேட்டாள் என்று. அதே பிள்ளை. இவளும் பார்த்துவிட்டாள். "இது நானா?" என்றாள். பாக்கெட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உங்கள் ஆட்கள் புகார் கொடுத்துப் பக்கத்தை முடக்கிவிட்டார்கள். புளியங்குடிப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், இப்போது வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு அம்மா எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாள், 'சத்துமாவுப் பெயரைத் திருடி எழுத வெட்கமாக இல்லையா' என்று.

பாக்கெட்டில் எழுதச் சொல்கிறாய். என் பிள்ளையைப் பற்றி எழுத உங்கள் கம்பெனியிடம் நான் கூலிக்குப் போக வேண்டுமா? ராசி என்கிறாய். யாருக்கும் யாருக்கும் ராசி? எனக்கும் உனக்கும் என்ன சண்டை?

உன் கஷ்டம் எனக்குத் தெரியும். அண்ணனை நினைத்தால் மனசு கிடந்து அடிக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், எனக்கு வேறு ஆள் இல்லை. நான் இரண்டு பிள்ளைகளை மண்ணில் வைத்துவிட்டு வந்த பிறகு, அழாமல் என்னை உட்கார வைத்தது அந்த எழுத்து ஒன்றுதான். பொய் சொல்லச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்லச் சொல்கிறேன். இந்த மாதத்துக்குள் வக்கீலுக்கு அனுப்பிவிடு.

மீனா


சென்னை
4.9.2024

மீனா,

இந்தக் கடிதத்தை எத்தனையோ தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ கேட்டதில் இல்லை, அவர்கள் கொடுத்ததில். பக்கத்தையும் புத்தகத்தையும் நடத்தியது நான், அந்தப் பெயர் என் மகளால் வந்தது, அதைக் கம்பெனிக்குக் கொடுக்கிறேன் என்று. வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன்.

வேலைக்காகத்தான் என்று சொன்னால் நீ ஒருவேளை மன்னிப்பாய். முழுக்க அது இல்லை. 'என் மகள்' என்று அந்தத் தாளில் அடித்திருந்தார்கள். வக்கீல் வாசித்துக் காட்டி, சரிதானே மேடம் என்றார். நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பிள்ளை இல்லை மீனா. ஊரில் எல்லோரும் வேடிக்கையாகச் சொன்னதைத்தான் எட்டு வருஷமாக நான் வேடிக்கை இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் மாமியார் என் மடியில் அவளைப் போட்டு, "இனி இது உன் பிள்ளை தாயீ" என்றார்களே, அன்றைக்கு உனக்கு மயக்கம் தெளியவில்லை. எனக்குத் தெளிவாக இருந்தது. சரி என்று சொன்னேன்.

பொய் என்று நீ சொல்வாய். முழுப் பொய்யா அது?

உன் வக்கீல் பிறப்புச் சான்றிதழைக் காட்டுவார். அது போதாது, நீயே நேரில் வந்து சொல்ல வேண்டியிருக்கும் என்று எங்கள் வக்கீல் சொல்கிறார். அப்படி வந்தால் நீ ஜெயித்துவிடலாம். நான் தடுக்க மாட்டேன்.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

சுபா


சங்கரன்கோவில்
21.10.2024

திருமதி சுபலட்சுமி அவர்களுக்கு,

வணக்கம். தங்களின் 4.9.2024 கடிதம் கிடைத்தது.

வழக்கு முடிந்துவிட்டது. இனி அந்தப் பெயரில் எழுத மாட்டேன், பேச மாட்டேன், அந்தப் பிள்ளையின் கதைகளை வேறு பெயரிலும் வெளியிட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். உங்கள் கம்பெனியில் இதற்குள் சொல்லியிருப்பார்கள். எப்படி முடிந்தது என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இல்லை. ஆனாலும் சொல்கிறேன். நீங்கள் ஒருவர்தான் அதைப் புரிந்துகொள்வீர்கள்.

சலாவுதீன் சார் கேஸ் நிற்கும் என்றுதான் சொன்னார். பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது, நான் உங்களுக்கு எழுதி நீங்கள் திருப்பி அனுப்பிய பழைய கடிதங்கள் இருக்கின்றன. நான் கூண்டில் ஏறி, கேட்கிற கேள்விக்கு நேராகப் பதில் சொன்னால் போதும் என்றார். அவர் அறையில் வைத்து ஒத்திகை பார்த்தார். "இந்தப் பிள்ளை யாருது?" என்று கேட்டார். "நான் பெத்த பிள்ளை" என்றேன். "இதை யாருக்காவது வித்தீங்களா? யாராவது வாங்குனாங்களா?" என்றார். இல்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

எனக்கு வாய் எழவில்லை. அவர் தண்ணீர் கொடுத்தார். மறுபடி கேட்டார். நான் அழுதுவிட்டேன்.

ஏழு வருஷம் அந்த வழக்கத்தை வைத்து ஊரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். எமனுக்குக் கணக்குத் தெரியாது, ஒரு படி தவிட்டைக் காட்டி ஏமாற்றிவிடலாம் என்று எழுதியவள் நான். ஆனால் கூண்டில் ஏறி, ஊரும் கோர்ட்டும் கேட்க, இவளை நான் விற்கவில்லை, இவள் என்னுடையவள்தான் என்று சொன்னால், அது கேட்கக் கூடாத காதில் விழுந்துவிடும் என்று பயந்தேன். படித்தவள்தான். பயந்தேன். என்னிடம் அந்த ஒரு பிள்ளைதான் இருக்கிறது. சிவகணேஷ், "சொல்லு மீனா, ஒண்ணும் ஆவாது" என்றார். "வேண்டாம் சார், பெயரை அவர்களே வைத்துக்கொள்ளட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

நான் சொல்ல மாட்டேன் என்பது உங்கள் வக்கீலுக்குத் தெரிந்திருக்காது. கம்பெனிக்கும் தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரியும். பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த இரண்டு தடவையும் என் பக்கத்தில் இருந்தவர் நீங்கள். 'நான் தடுக்க மாட்டேன்' என்று எழுதியபோதும் உங்களுக்குத் தெரியும். பெயர் போனதைக்கூட ஒரு நாள் ஆற்றிக்கொள்வேன் என்று நினைக்கிறேன். இதை முடியாது.

எழுதச் சொல்லியும் பேசச் சொல்லியும் இனி யாரும் வர மாட்டார்கள். வீட்டில் பேனா எடுப்பதே இல்லை. மத்தியானம் சமையல் முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

சண்முகப்ரியா உங்களைக் கேட்கிறாள். வேலையாக இருக்கிறீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளைப் பார்க்க வர வேண்டாம். கவுன், பொம்மை எதுவும் அனுப்ப வேண்டாம். வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நேற்றுச் சாயங்காலம் பூ மார்க்கெட்டில் நிற்கும்போது அவள் ஒன்று சொன்னாள். பூக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், பல மாதத்துக்குப் பிறகு. வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் காகிதம் எடுத்துவிட்டேன். அதில்தான் இதை எழுதுகிறேன். அவள் என்ன சொன்னாள் என்பதை உங்களுக்கு எழுதப் போவதில்லை.

இப்படிக்கு,
சி. மீனலோசினி