கன்னுக்குட்டிக்கு ஓர் இடம்

இன்று வெள்ளிக்கிழமை, காலை பத்து நாற்பத்தாறுக்குப் போன் அடித்தது. ஏசியின் தண்ணீர்க் குழாயில் நீ சுற்றிவைத்த கம்பளி மஃப்ளரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஈரத்தில் ஊறி, காய்ந்து, மறுபடி ஊறி அதற்கு நனைந்த ஆட்டின் வாசனை வந்திருந்தது. துபாயில் கம்பளி மஃப்ளரால் என்ன பயன் என்று ராசன் அண்ணன் கேட்டதற்கு, குழாய் நடுங்கும் சத்தத்தை அடக்கலாம் என்று அதைக் குழாயில் கட்டியவள் நீதான். அண்ணன் உயிராக நினைத்த ஃபுட்பால் அணியின் மஃப்ளர் அது. அண்ணன் அப்போது மூன்று நாள் உன்னோடு பேசவில்லை.

எடுத்தேன். ஒரு வருடமாக எந்த எண்ணில் அழைப்பு வந்தாலும் எடுத்துவிடுகிறேன். குளிக்கும்போது போனை பிளாஸ்டிக் பையில் போட்டு உள்ளே கொண்டுபோகிறேன். தூங்கும்போது அது தலையணையின் கீழே இருக்கும். சவூதியில் ஜுபைல் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு, ஷார்ஜா தொழில்பேட்டையில் பிரஷர் கேஜ் சரிபார்க்கும் பட்டறைக்கு வந்ததுகூட அதற்காகத்தான். இங்கே போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வேலை செய்யலாம்.

"தம்பி, ராசன் கதைக்கிறன். வைச்சிடாதையும்."

நான் வைக்கவில்லை. உன் காரியத்தன்று பேசியதோடு சரி, அதன்பிறகு அவரும் அழைக்கவில்லை, நானும் அழைக்கவில்லை. துபாய் சத்வாவில் இந்த வீட்டின் பக்கத்து அறையில் நான்கு வருடம் இருந்தவர். நம் கல்யாணத்துக்குப் பிறகு நீ இங்கே வந்து இறங்கிய அன்று, "பிள்ளை, சமையலறை பொதுதான், ஆனா வெள்ளிக்கிழமை டிவி என்ரது" என்று சட்டம் பேசியவர். பிறகு மெல்பர்னில் இருக்கும் தம்பியோடு போய்ச் சேர்ந்துவிட்டார். போகும்போது டிவியையும் மஃப்ளரையும் ஒரு பைத்தியத்தையும் நம்மிடம் விட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்கு ஆஸ்திரேலிய ஃபுட்பால் ஆட்டம் ஆரம்பிக்கும். அங்கே ராத்திரி, இங்கே சாப்பாட்டு நேரம். முட்டை வடிவத்தில் ஒரு மைதானம், முட்டை வடிவத்திலேயே ஒரு பந்து, அரைக்கால் சட்டை போட்டவர்கள் ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி அதைப் பிடிப்பார்கள். முதல் வாரம் நீ ரசத்தைக் கிண்டிக்கொண்டே, "இதுக்கு ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கா, இல்ல கோயில் திருவிழாவா?" என்றாய். மூன்றாவது வாரம் ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. நீ டிவி முன்னால் நின்றுகொண்டிருந்தாய்.

ஆட்டக்காரர்களின் பெயர் உன் வாயில் நுழையாது. எல்லோருக்கும் நீயே பெயர் வைத்தாய். நடுவிலே நின்று எம்பும் உயரமானவன் ஒட்டகச்சிவிங்கி. பின்வரிசையில் நின்ற முப்பத்துமூன்று வயதுக்காரன் பெரியப்பா. ஓரத்தில் பறக்கிற என் செல்லப் பையன் மின்னல். கடைசியில் ராசன் அண்ணனுக்கே அவர்களுடைய உண்மையான பெயர் மறந்துபோய், மெல்பர்னில் தம்பி வீட்டில் "பெரியப்பா" என்று கத்தி, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

ஆட்டத்தைவிட உனக்குப் பிடித்தது நவம்பர். வருட முடிவில் பதினெட்டு வயதுப் பையன்களை ஒவ்வோர் அணியும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். கடைசி இடத்தில் முடித்த அணிக்குத்தான் முதல் தேர்வு. அண்ணன் இதை விளக்கியபோது நீ கேட்டது இப்போதும் காதில் இருக்கிறது. "கடைசியா வந்தவனுக்கு முதல் பந்தியா? நல்ல ஊரா இருக்கே அண்ணே." அதன்பிறகு நாம் மூவரும் ஆளுக்கொரு தாளில் இருபத்திரண்டு பேரை எழுதுவோம். மைதானத்தில் பதினெட்டு, பெஞ்சில் நான்கு. புதிதாக வந்த பையனை எங்கே நிறுத்துவது, அவனுக்காக யாரை நீக்குவது என்பதில்தான் சண்டை. மூன்று தாளும் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். அண்ணன் போனபிறகு இரண்டு தாள்.

வருடா வருடம் ஒரே வழக்குதான்.

"உங்க மின்னல் ஓடுவான். ஓடி எங்க போவான்? பந்து ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம்."

"பிள்ளை, உம்மட பெரியப்பாவுக்கு முழங்கால்ல ஒயிலே இல்லை."

"முழங்கால்ல இல்லாட்டி என்ன அண்ணே, மண்டைல இருக்கு. பந்து எங்க வரும்னு தெரிஞ்சவன் எதுக்கு ஓடணும்?"

நான் புள்ளிவிவரம் எடுத்து வைப்பேன். எத்தனை உதை, எத்தனை பிடி. நீ காகிதத்தைப் பார்க்கவே மாட்டாய். "பையனை மட்டும் பாக்காதீங்க. யாரோட நிக்கிறான்னு பாருங்க" என்பாய்.

போன நவம்பரில் நான் ஜுபைலில் இருந்தேன். பிளான்ட்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் மூன்று மாத ஷட்டவுன் வேலை. அதுவரை நீ விருத்தாசலத்தில் அம்மா வீட்டில் இருப்பதாக ஏற்பாடு. வியாழக்கிழமை கேம்ப்பின் பொதுப் போனிலிருந்து பேசினேன். அணிக்கு உயரமான முன்வரிசைக்காரன் வேண்டும் என்றாய். நடுவில் ஓடுகிறவன்தான் வேண்டும் என்றேன். உங்கள் வீட்டில் இன்டர்நெட் கிடையாது. சனிக்கிழமைத் தேர்வில் யாரை எடுத்தார்கள் என்பதை அடுத்த வெள்ளிக்கிழமை நான் இன்டர்நெட் கடைக்குப் போய்ப் பார்த்துச் சொல்வதாகப் பேச்சு. "பாக்கலாம், வை, பின்னால வரிசைல ஆள் நிக்கறாங்க" என்றேன். அதுதான் நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது.

பிளான்ட்டில் வாயு கசியும் இடம் உண்டு. அதனால் உள்ளே போன் கூடாது. கேட்டில் மரப்பெட்டி, அதில் எண் போட்ட அறைகள். போனை வைத்துவிட்டுப் பித்தளை வில்லை வாங்கிக்கொண்டு உள்ளே போகவேண்டும். அந்தச் சனிக்கிழமை மாலை நாலரைக்கு வில்லையைக் கொடுத்துப் போனை வாங்கினேன். உன்னிடமிருந்து மூன்று மிஸ்டு கால். ஏழு பத்து, ஏழு பன்னிரண்டு, ஏழு முப்பத்தொன்று. அதற்குமேல் மற்றவர்களிடமிருந்து பதினான்கு. உனக்குத்தான் முதலில் அழைத்தேன். உன் அப்பா எடுத்தார்.

தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். பிறவியிலேயே பலவீனமான இடமாம். எப்போது வேண்டுமானாலும் ஆகியிருக்கலாம், எதனாலும் வந்ததல்ல என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். உன் அம்மா ரேஷன் கடைக்குப் போய்விட்டு உங்கள் நேரம் பத்தரைக்குத் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. மேஜைமேல் தலை சாய்ந்து கிடந்தாயாம். கைக்குக் கீழே ஒரு தாள். "இதைத்தான் எழுதிக்கிட்டு இருந்தா மாப்ளே, எங்களுக்கு ஒண்ணும் புரியல" என்று அத்தை மடித்துக் கொடுத்தார்.

எனக்குப் புரிந்தது. நம் இருபத்திரண்டு. ஆனால் கோலுக்கு நேர் முன்னால், முன்வரிசையின் நடுவில், "கன்னுக்குட்டி" என்று எழுதியிருந்தாய். நம் அணியில் கன்னுக்குட்டி என்று யாரும் கிடையாது. உங்கள் வீட்டில் மாடும் கிடையாது.

இந்த ஒரு வருடம் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை உன்னிடம்தான் சொல்லமுடியும். வலி வந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டிருக்கிறாய். வீட்டில் யாரும் இல்லை. தலைக்குள் ஏதோ பிசகி, பழகிய பெயர்களுக்கு நடுவே சம்பந்தமில்லாமல் ஒரு கன்னுக்குட்டியை எழுதிவிட்டு, மூன்றாம் முறையும் கூப்பிட்டிருக்கிறாய். முதல் அழைப்புக்கும் மூன்றாவதற்கும் இடையில் இருபத்தொரு நிமிடம். அந்த இருபத்தொரு நிமிடத்தை நான் எத்தனை விதமாகப் பிரித்துப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. அழுகை மட்டும் வரவில்லை. பட்டறையில் கேஜ்களை வரிசையாக மாட்டி, பிரஷர் ஏற்றி, முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை டிவி போடவில்லை. போன நவம்பரில் அணி யாரை எடுத்தது என்றுகூட நான் பார்க்கவில்லை.

இன்று ராசன் அண்ணன் ஒரு நிமிடம் ஊர்ச் செய்தி பேசினார். அங்கே மழை என்றார். பிறகு குரல் மாறியது.

"தம்பி, உம்மட்ட ஒண்டு சொல்லவேணும். ஒரு வருசமா நெஞ்சுக்குள்ள கிடக்கு. அண்டைக்குக் காலமை நான்தான் அவவுக்குப் போன் எடுத்தனான்."

"எப்ப?"

"உங்கட இந்தியா நேரம் ஒன்பதரை. நம்பர் அவதான் ஊருக்குப் போகேக்க தந்தவ, உமக்குச் சொல்லாதேங்கோ, முதல்ல எனக்குச் சொல்லுங்கோ எண்டு. ஆளை எடுத்திட்டாங்கள் பிள்ளை, நீர் கேட்ட மாதிரியே நெட்டை எண்டு சொன்னன். கத்தினா தம்பி. அப்பிடிச் சந்தோசப்பட்டா. அந்தக் கத்தினதிலதானோ, நான் சொன்னதிலதானோ எண்டு..."

நான் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, வேற என்ன சொன்னா?"

"பொடியன் எப்பிடி எண்டு கேட்டா. பண்ணை வீட்டுப் பொடியன், காலெல்லாம் நீளம், ஓடேக்க முழங்கால் உள்ளுக்க திரும்பும் எண்டன். அப்ப கன்னுக்குட்டி எண்டா. உடனயே பேர் வைச்சிட்டா."

உன் தாள் இருக்கும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"தம்பி? நிக்கிறீரே? போன் காட் முடியப்போகுது எண்டு பீப் அடிச்சுது. அப்பவும் சொன்னா, வையுங்க அண்ணே, இப்பவே அவருக்குப் போன் போட்டு அவர் மூஞ்சி போற போக்கைக் கேக்கணும் எண்டு."

ஒன்பதரைக்கு அவர் அழைத்தார். பத்து நிமிடக் கார்டு. ஒன்பது நாற்பதுக்கு நீ என்னை அழைத்தாய். ஜுபைலில் அப்போது ஏழு பத்து. வலியில் கூப்பிடவில்லை. ஜெயித்ததைச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறாய். நான் எடுக்காததால் தாளை எடுத்து அணியை எழுதினாய். எழுதியபிறகு மறுபடி கூப்பிட்டாய்.

முதலில் அண்ணனுக்கு டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பிறவியிலிருந்து இருந்தது, எதனாலும் வந்ததல்ல, நீங்கள் சொன்னதாலும் இல்லை என்று. இரண்டு முறை சொன்னேன். எனக்கு டாக்டர் சொன்னபோது அது காதில் விழவே இல்லை. இன்று என் வாயால் அவருக்குச் சொல்லும்போதுதான் விழுந்தது. அவர் அழுதார். பெரிய ஆள் ஒருவர் போனில் அழுவதை முதல்முறை கேட்டேன். நானும் அழுதேன். அழ முடிந்தது.

"அந்தக் கன்னுக்குட்டி எப்படி அண்ணே?" என்று கடைசியில் கேட்டேன்.

"உமக்குத் தெரியாதே? நீர் பாக்கேல்லையே? ஆறு மாட்ச் ஆடினவன். விழுந்து எழும்பி, விழுந்து எழும்பி... கடைசி மாட்ச்சில மூண்டு கோல். பெரியப்பா அண்டையோட விலகிட்டான் தம்பி. ரெண்டு பந்து அவன்தான் பின்னாலயிருந்து பாத்துக் குடுத்தவன்."

யாரோட நிக்கிறான்னு பாருங்க.

அண்ணன் வைத்தபிறகு பெட்டியிலிருந்து உன் தாளை எடுத்து விரித்தேன். இதை நான் நூறு தடவையாவது பார்த்திருப்பேன். ஒருதடவைகூட ஒழுங்காகப் பார்த்ததில்லை. அளவுக்கருவியோடு திரிகிறவன் நான், பயந்ததைத்தான் பார்த்திருக்கிறேன். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை. கன்னுக்குட்டிக்குக் கீழே கோடுகூடப் போட்டிருக்கிறாய், ஸ்கேல் வைத்து. இருபத்திரண்டு பேரையும் எழுதி முடித்திருக்கிறாய். பாதியில் நின்ற பெயர் எதுவும் இல்லை. பெரியப்பா பெஞ்சில் கடைசி ஆள். அவரைப் பெஞ்சுக்கு அனுப்பவே உனக்கு நாலு வருடம் ஆகியிருக்கிறது.

மின்னலைக் காணோம். மேலிருந்து கீழே இரண்டு முறை தேடினேன். கன்னுக்குட்டிக்கு இடம் வேண்டும் என்று என் மின்னலைத் தூக்கிவிட்டாய். அதைச் சொல்லத்தான் மூன்றாம் முறை கூப்பிட்டிருப்பாய். எனக்குக் கோபம் வந்தது. சரியான கோபம், பழைய வெள்ளிக்கிழமைக் கோபம். வாய்விட்டு, "இது அநியாயம்டி" என்றேன். பக்கத்து அறையில் இப்போது இருக்கும் மலையாளி கதவைத் தட்டி, "எந்தா பாய், ஓக்கேயா?" என்று கேட்டார். ஓக்கே என்றேன். ஒரு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்த அதே ஓக்கேதான். இன்று பொய் இல்லை.

லூப் செக் என்று ஒரு வேலை உண்டு, உனக்குச் சொல்லியிருக்கிறேன். நான் வெளியே மீட்டர் பக்கத்தில் நின்று சிக்னல் அனுப்புவேன். உள்ளே கண்ட்ரோல் ரூமில் இருப்பவன், வந்துவிட்டது என்று வாக்கி டாக்கியில் சொல்லவேண்டும். அவன் சொல்லும்வரை அடுத்த மீட்டருக்கு நகரக்கூடாது. நான் ஒரு வருடமாக ஒரே மீட்டர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். நீ அனுப்பியது இன்றைக்கு வந்துவிட்டது. நகரலாம்.

மஃப்ளரைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். காய்ந்ததும் திரும்பக் குழாயில்தான் கட்டப்போகிறேன். அது இல்லாமல் சத்தம் தாங்கவில்லை. உன் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியாகிவிட்டது. பக்கத்தில் என் தாளுக்கு இடம் விட்டிருக்கிறேன். இந்த வருடம் அணி எடுத்த பையன்கள் யார் என்று அண்ணன் பெயர் சொல்லியிருக்கிறார். அவர்களுக்குப் பெயர் வைக்கத்தான் ஆள் இல்லை. நான் முயற்சி செய்கிறேன். ஒருவன் நீச்சல்காரன் மாதிரி அகலமாக இருப்பானாம். கதவு என்று வைத்திருக்கிறேன். நன்றாக இல்லைதான், தெரியும்.

மணி ஒன்று நாற்பது. இருபத்தொரு பேரை எழுதிவிட்டேன். கன்னுக்குட்டியை நீ வைத்த இடத்தில் அப்படியே விட்டிருக்கிறேன். மின்னலைத் திரும்ப உள்ளே கொண்டுவந்துவிட்டேன், நீ என்ன சொன்னாலும் சரி. பாக்கி ஓர் இடம்தான். அதைப்பற்றி உன்னோடு உட்கார்ந்து சாவகாசமாகச் சண்டை போடவேண்டும். நடுவில் யாரும் வரவேண்டாம் என்று போனை அணைத்துவிட்டேன்.