நாலு செகண்டு கார்டு

மார்ச் 4, செவ்வாய்

வீட்டில் மறுபடி அதே கிண்டல். "டைட்டில் ஓடுற நேரத்துலதான் நான் வண்டிய நிறுத்திட்டு, பாப்கார்ன் வாங்கிட்டு உள்ள வருவேன்" என்கிறார் இவர். பதினோரு வருடமாகப் படங்களுக்கு டைட்டில் செய்கிறவளைக் கட்டிக்கொண்டு பேசுகிற பேச்சா இது? யார் பெயர் முதலில், யார் பெயர் தனியாக, எந்த எழுத்து எவ்வளவு பெரிது என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொள்கிறேன். ஊரே பாப்கார்ன் வரிசையில் நிற்கிறது.

மார்ச் 6, வியாழன்

எடிட்டர் சார் கட்டிங் அறையிலேயே மயங்கி விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக் கசிவாம். ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறார்கள். காலையில்தான் என் டைட்டிலைப் பார்த்துவிட்டு, "ரெண்டு இடத்துல மூச்சு முட்டுதும்மா, கொஞ்சம் விட்டு விட்டுப் போடு" என்று சொன்னார்.

மார்ச் 10, திங்கள்

புரொடக்‌ஷன் மானேஜர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "வெள்ளிக்கிழமை ரிலீஸ். டாக்டருங்க கைய விரிச்ச மாதிரிதான் பேசுறாங்க. எதுக்கும் அஞ்சலி கார்டு சேர்த்து இன்னொரு டைட்டில் செஞ்சு வெச்சிடும்மா. கடைசி நேரத்துல அலைய முடியாது."

உயிரோடு இருக்கிற மனுஷனுக்கா என்று கேட்டேன். "சும்மா இருக்கட்டும். போடவா போறோம்?" என்றார்.

செய்தேன். கறுப்புத் திரை. அவர் பெயர். பிறந்த வருடம், ஒரு கோடு, இந்த வருடம். நான்கு வினாடி. 

ஃபைலுக்குப் பெயர் வைக்க வேண்டும். 'அஞ்சலி' என்று அடிக்க மனம் வரவில்லை. எழுதினால் நடந்துவிடுமோ என்று பயம். அசட்டுத்தனம்தான். அஞ்சலி இல்லாத சரியான டைட்டில் 'டைட்டில் கடைசி' என்ற பெயரில் இருந்தது. இதற்கு 'டைட்டில் கடைசி 2' என்று வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 12, புதன்

டைட்டில் போயாயிற்று. ஹார்ட் டிஸ்கை வாங்கிக்கொண்டு, தியேட்டர் பிரதி போடுகிற லேபுக்குச் சுருட்டை ஓடினாள். எங்கள் உதவி இயக்குநர் அவள். தலைமுடியால் வந்த பெயர். எடிட்டர் சார் அப்படியேதான் இருக்கிறாராம்.

மார்ச் 14, வெள்ளி, காலை

அய்யோ.

டிஸ்கில் போட்டது இரண்டாவது. கம்ப்யூட்டரில் காப்பி செய்த பட்டியலை இப்போதுதான் பார்த்தேன். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த 2 அங்கேயே இருக்கிறது. மணி பத்தேகால். பதினோரு மணிக்கு எல்லாத் தியேட்டரிலும் முதல் காட்சி. லேபில் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லையா? பார்த்திருந்தாலும், நிஜமாகவே போய்விட்டார் என்று நினைத்திருப்பார்கள்.

மானேஜருக்குப் பேச போனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன். என்னன்னு சொல்றது? உயிரோட இருக்கறவர நான் சாகடிச்சிட்டேன்னா?

ஒரே ஒரு நம்பிக்கைதான். டைட்டிலை யாரும் படிப்பதில்லை. இவர் படிப்பதில்லை, ஊரும் படிப்பதில்லை. கடவுளே, பதினோரு வருஷமா நான் புலம்பினதெல்லாம் நெஜமாவே இருக்கட்டும்.

அதே நாள், மதியம்

தியேட்டருக்குப் போனேன். முதல் வரிசை ஓரத்தில், திரைக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, ஜனங்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு அணைந்தது. ஒருவர் போன் வெளிச்சத்தில் சீட் நம்பரைத் தேடினார். ஒரு பெண் குழந்தையின் மூக்கைத் துடைத்தாள். பின்னால் யாரோ யாரையோ "இங்க, இங்க" என்று கூப்பிட்டார்கள். எல்லா முகமும் சட்டென்று இருண்டது. என் கார்டு ஓடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் பார்க்கவில்லை. என் தொழிலை யாரும் மதிக்காததற்கு முதல்முறையாக நன்றி சொன்னேன்.

அப்போதுதான் ஐந்தாவது வரிசையைக் கவனித்தேன். எட்டுப் பேர், முன்னால் சாய்ந்து, கண் கொட்டாமல். நடுவில் எங்கள் படத்துக்குத் துணி தைத்த தையல்காரர். இருபது வருடம் தைத்தவருக்கு இந்தப் படத்தில்தான் பெயர் வருகிறது. மனைவி, மச்சினர், மாமியார் என்று வீட்டையே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பெயர் எங்கே வரும் என்று தெரியாததால் முதல் எழுத்திலிருந்தே ஒன்றுவிடாமல் படிக்கிறார்கள்.

"ஐயையோ! நம்ம எடிட்டர் சார் போயிட்டாரா?" என்று எழுந்தே விட்டார். "யாருமே சொல்லலயே!" அங்கேயே போனை எடுத்து நம்பரைத் தேட ஆரம்பித்தார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஏங்க, உங்க பேரு! இங்க பாருங்க, உங்க பேருங்க!" அவர் நிமிர்ந்தபோது திரையில் வேறு யாருடைய பெயரோ ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து வெளியே ஓடிவந்துவிட்டேன்.

அதே நாள், மாலை

எடிட்டர் சாருடைய மனைவி ஐ.சி.யூ. வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம். தையல்காரரின் போன்தான் முதலில். அவர் போனிலேயே அழுதிருக்கிறார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் மறைக்கிறார்கள் என்று நினைத்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடி விழுந்திருக்கிறார். நர்ஸ் கையைப் பிடித்து இழுத்துப்போய் மானிட்டரைக் காட்டி, "பாருங்கம்மா, ஓடுது. ஓடுது பாருங்க" என்றாளாம்.

ஆபீஸில் டைரக்டர் சுருட்டையைப் பார்த்துக் கத்தினார். "கொண்டுபோனது நீதானே? போடறதுக்கு முன்னாடி பார்க்க மாட்டியா?" நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 15, சனி

சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் எடுக்காமல் விடுகிறேன். கார்டில் போட்ட வருடம் பலித்துவிட்டால்?

இன்னொன்றும் தோன்றியது. தோன்றியதை எழுதிவிடுகிறேன். அவர் இன்றைக்கே போய்விட்டால் என் தப்பு தப்பாக இருக்காது. ஒரு நாள் முன்னால் போட்டது என்று ஆகிவிடும். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சீ, நான் என்ன மனுஷி?

மார்ச் 16, ஞாயிறு

மானேஜரின் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். ஃபைல் நான் போட்டது, சுருட்டை மேல் தப்பில்லை என்று. "செய்யச் சொன்னவன் நான்" என்றார். டைரக்டருக்கு என் முன்னாலேயே போன் போட்டுச் சொன்னார்.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. எடிட்டர் சாருடைய மனைவியிடம், அக்காவிடம், எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம்.

"வருஷம்கூடப் போட்டிருந்தியாமே."

"ஆமாக்கா."

"என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? உள்ள போ. அவர்கிட்டயே சொல்லு."

"அவருக்குக் கேக்குமாக்கா?"

"கேக்குதோ இல்லையோ. சொல்லிட்டு வா."

போய்ச் சொன்னேன். குழாய்களுக்கு நடுவே அவர் முகம் சின்னதாக இருந்தது. நான் பேசி முடிக்கும்வரை மானிட்டரைத்தான் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

மார்ச் 19, புதன்

நேற்றிலிருந்து தியேட்டர்களில் சரியான டைட்டில். சுருட்டை வேலைக்கு வந்துவிட்டாள், என்னோடு பேசுவதில்லை. தையல்காரர் குடும்பத்தோடு மறுபடி போனாராம். பெயரைப் பார்த்த கையோடு எல்லோரும் எழுந்து வந்துவிட்டார்களாம். இவரிடம் சொன்னேன், சிரிப்பார் என்று. சிரிக்கவில்லை.

ஏப்ரல் 2, புதன்

கண் திறந்தாராம். அக்காவே போன் செய்து சொன்னார். சமையலறையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

எடிட்டர் சார் நாளை வேலைக்கு வருகிறாராம். அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருப்பார். லீவு போடலாமா?

ஜூலை 21, திங்கள்

லீவு போடவில்லை. கையில் தடி. பேச்சு கொஞ்சம் இழுக்கிறது. எல்லோரும் நலம் விசாரித்துவிட்டுப் போகும்வரை நான் கதவோரமாகவே நின்றேன். அவர் கூப்பிட்டார்.

"அந்தக் கார்ட காட்டு."

"அழிச்சிட்டேன் சார்."

"பொய் சொல்லாத. நீ எதையும் அழிக்க மாட்ட."

உண்மைதான். எடுத்து ஓட்டினேன். கறுப்பு, பெயர், வருடம், கோடு, வருடம். தியேட்டரில் செய்தது போலவே இப்போதும் திரையைப் பார்க்காமல் முகத்தையே பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"இன்னொரு தடவ."

மூன்று தடவை பார்த்தார். பிறகு, எந்தக் காட்சியைப் பற்றியும் சொல்கிற அதே குரலில் சொன்னார்: "என் பேரு நீளம்மா. நாலு செகண்டுல படிச்சு முடியல. ஆறு வை."

"சார்..."

"இப்ப ஓட்டறதுக்கு இல்லம்மா. நெஜமாவே போடறப்போ."

அழுதுகொண்டேதான் ஆறாக்கினேன். பின்னால் இருந்த வருடத்தை எடுத்துவிட்டு, கோட்டை மட்டும் விட்டேன். ஃபைலின் பெயரையும் மாற்றினேன்: 'எடிட்டர் சார் அஞ்சலி. உயிரோடு இருக்கிறார். அனுப்பாதே.'

அவர் அதை எழுத்துக்கூட்டி, நிதானமாக முழுவதும் படித்தார். "சரி, அடுத்த படத்து டைட்டிலப் போடு, பார்ப்போம்" என்றார்.