லெஜே தட்டின சட்டி

யோகமலர் புள்ள, நான் இஞ்ச கனடாவில சொகுசு கண்டு உன்னை மறந்திட்டன் எண்டு எழுதியிருக்கிறாய். மகன்ர பேஸ்மென்ட்டில கிடக்கிறதோ சொகுசு? மாதா புண்ணியத்தில நான் சுகம். உன்ர முழங்கால் நோவு எப்பிடி?

போன கிழமை மாதா திருநாளண்டு பக்கத்து வீட்டுக் கிழவன் லெஜே தெருவில நிண்டு சட்டியில அகப்பையால அடிச்சான். "என்ன, மனிசி சோறு போடேல்லையோ?" எண்டு என்ர ஓட்டைப் பிரெஞ்சில நக்கலடிச்சன்.

அவன் சிரிக்கேல்லை. அவங்கள் அக்காடியராம், இஞ்ச முந்திக் குடியேறின பிரெஞ்சுச் சனம். இருநூற்றைம்பது வருசத்துக்கு முந்தி இங்கிலீசுக்காரன் அவங்கட சனத்தைப் புருசன் ஒரு கப்பல், பெஞ்சாதி ஒரு கப்பல் எண்டு ஏத்திக் கலைச்சவனாம். கொஞ்சப் பேர் அமெரிக்காவில லூசியானா வரைக்கும் போய்ச் சேர்ந்தவையாம். அங்க அவைக்குக் கேஜன் எண்டு பேராம்.

"நாங்கள் இன்னும் இருக்கிறம் எண்டு காட்டத்தான் இந்தச் சத்தம்" எண்டான். மறுகா கேட்டான்: "உன்ர மனிசியை எந்தக் கப்பலில ஏத்தினவங்கள்?"

"ஒருத்தரும் ஏத்தேல்லை, நான்தான்..." எண்டு தொடங்க, அவன் சட்டியைத் தட்டிக்கொண்டு போயிட்டான்.

மிச்சத்தை உனக்குத்தான் சொல்லவேணும். ஊரில சண்டை ஓய்ஞ்ச பிறகும் வராமல் இருந்தது நான்தான். மார்கழியில நத்தாருக்கு வாறன். என்ர சாரம் ரெண்டைத் தோய்ச்சு வை. மருமகள் தபாலுக்குப் போக நிக்கிறாள். நீ வாசலில அகப்பையோட நிண்டாலும் அடி வாங்க முதுகைக் காட்டிறன்.

உன்ர சூசைப்பிள்ளை