எல்லப்பன் வீட்டுக் கண்ணாடிக் குவளை

சிரஞ்சீவி சகாதேவனுக்கு, கோட்டைக்குப்பத்திலிருந்து உன் நைனா ஆசீர்வதித்து எழுதும் ஓலை. இங்கே நானும் உன் அம்மாவும் ஏரியும் சுகம், கடல் தாண்டிப் பத்தாவியாவில் உன் உடம்பும், டச்சு உலாந்தாக்காரரிடம் உன் உத்தியோகமும் சுகம்தானே. சுகம் என்றேனே தவிர, போன வாரம் நம் பக்கத்து எல்லப்பன் வீட்டில் ஊரே பார்க்க நான் நனைந்த கதையை நீ வேறு வாயால் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அவன் மகன் அர்ஜுனன் உலாந்தாக்காரர் கப்பலில் வேலை பார்க்கிறான் அல்லவா, இறங்குகிற துறையில் எல்லாம் ஒரு கோட்டையைக் கீறின கண்ணாடிக் குவளை வாங்கிவருகிறான். கொழும்பு வந்தது, கொச்சி வந்தது, இப்போது நம்ம பழவேற்காட்டுக் கோட்டையே வந்திருக்கிறது. வாசலில் நின்றால் சும்மா தெரிகிற கோட்டையைக் கண்ணாடியில் வேறு பார்க்கணுமா என்று கேட்டுக்கொண்டே முதல் ஆளாக நான்தான் போய் உட்கார்ந்தேன். அதிலேயே தண்ணீர் கொடுத்தார்கள். எச்சில் படக்கூடாதே என்று வழக்கம்போல அண்ணாந்து ஊற்றினேன். வாய் அகன்ற குவளை, செம்பு மாதிரி ஒரே தாரையாக விழவில்லை, மூக்கு, தாடி, மார்பு எல்லாம் குடித்தது, நான் மட்டும் குடிக்கவில்லை. எல்லப்பன் பெண்சாதி மணியம்மாள், இன்னா மாமா, தாகம் தொண்டைக்கா வேட்டிக்கானு கேட்டாள், கூட்டமே சிரித்தது.

எனக்கு வயிறு எரிந்தது. நம்ம கோட்டைக்கு நாலு கொத்தளம், இதில் மூணுதானே இருக்குது என்றேன். நாலாவது பின்னால மறைஞ்சிருக்குதுனு அர்ஜுனன் முடித்துவிட்டான். அதோடு நான் வாயை மூடியிருக்கலாம். என் மகன் உலாந்தா ராசா அரண்மனையே போட்ட குவளை அனுப்புகிறான், தீமிதிக்குள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். எல்லப்பன் குவளையைத் துடைத்து, என் கைக்கு எட்டாத உயரத்தில் கொண்டுபோய் வைத்தான். அன்று முதல் அவர்கள் வீட்டில் ஏதாவது உடையாதா என்று என் காது அங்கேயே கிடக்கிறது. முந்தாநாள் ஒரு சத்தம், கையில் இருந்த வலையைப் போட்டுவிட்டு ஓடினேன், உடைந்தது வெறும் மீன் சட்டி. என் முகம் விழுந்ததைப் பார்த்து, சட்டிக்காக வருந்துகிறேன் என்று நினைத்து, நேற்று மணியம்மாள் இறால் குழம்பு கொடுத்தனுப்பினாள். அதுவும் நம் வீட்டுக் குழம்பைவிட நன்றாக இருந்து தொலைத்தது. உன் அம்மாவோ, குவளை இன்னாத்துக்கு, புள்ளைய வரச்சொல்லி எழுதுய்யானு பிடுங்குகிறாள். நான் குவளை என்றுதான் எழுதுகிறேன், அரண்மனை பெரிதாக இருக்கட்டும், வாய் சிறிதாக இருக்கட்டும், வைக்கோல் சுற்றி அனுப்பு, மறக்காதே. தலைக்கு எண்ணெய் வை. திரௌபதி அம்மன் உன்னை நிழலாகக் காப்பாள்.

இப்படிக்கு, இன்னும் ஈரம் காயாத உன் நைனா,
தருமலிங்கம்

ஓலையில் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. அந்தக் குவளையில் கோட்டைக்கு முன்னால், படகில் கால் வைக்கிற ஒரு ஆளையும் கீறியிருக்கிறார்கள், முதுகு மட்டும்தான் தெரிகிறது, நீ போன அன்று எனக்குக் காட்டின அதே முதுகு. அண்ணாந்தபோது அதைப் பார்த்துவிட்டேன், கை சரிந்தது. குவளைக்கு வாய் அகலம் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.