தினம் பத்து நிமிட விளக்கு

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம், எங்கள் தலைக்கு மேலே எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் பெரியம்மாவும் சௌக்கியம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிறாய் என்று தெரிந்தால் எங்களுக்கு வேறு குறையில்லை. சொல்வது நான், எழுதுவது உன் தங்கை. போன வியாழக்கிழமை அலுவலகப் படிக்கட்டில் கால் தடுக்கி வலது மணிக்கட்டு பிசகிவிட்டது, எலும்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே, பத்து நாள் கட்டு, அவ்வளவுதான். ஏன் விழுந்தேன் என்று கேட்டால் சந்தோஷத்தில் விழுந்தேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சின்னவள் நான் சொல்வதை அப்படியே எழுதாமல் புத்தக நடையில் மெருகு போடுகிறாள், ‘ஆனந்த வெள்ளத்தில் திளைத்தேன்’ என்று எழுதியதை இப்போதுதான் அடிக்க வைத்தேன். (அக்கா, அது நல்ல வாக்கியம். அம்மாவுக்கு ரசனை போதாது. இனி அடைப்புக்குறிக்குள் வருவது மட்டும் நான்.)

உன் அறைத்தோழி பெரியம்மாவின் உடம்பு எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்தாள் என்றும், அது அம்மா வேலை பார்க்கும் செயற்கைக்கோள் என்று நீ சொன்னதும் முகம் சிவந்துவிட்டாள் என்றும் எழுதியிருந்தாயே, அதைப் படித்து அப்பா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பெண்ணிடம் சொல், கேட்டதில் தப்பில்லை, வயதானவர்களுக்கு வருகிற எல்லாம் அவளுக்கும் வந்திருக்கிறது. ஏழு வருடம் உழைத்தால் போதும் என்று அனுப்பியவள் பதினாறாவது வருடத்தில் இருக்கிறாள். உடம்பைத் திருப்பிக்கொள்ள இருந்த நான்கு சக்கரங்களில் ஒன்று நின்றே போய்விட்டது, இன்னொன்று முனகுகிறது. மின்கலம் முன்பு தேக்கியதில் பாதிகூடத் தேக்குவதில்லை. அப்படியும் தினமும் காலை பத்து நாற்பதுக்கு எங்கள் அடிவானத்தில் ஏறி, பன்னிரண்டு நிமிடத்தில் ஒரு நாள் முழுதும் பார்த்த காற்றுமண்டலக் கணக்கைக் கொட்டிவிட்டு, மறுநாளுக்கான கட்டளைகளை வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். வீட்டுச் செய்தி என்றால், அப்பாவின் பள்ளிப் பேருந்துக்கு வழி மாற்றிவிட்டார்கள், காலையில் இருபது நிமிடம் முன்னாலேயே கிளம்புகிறார். என் கை கட்டில் இருப்பதால் சமையல் அவர் பொறுப்பு, உப்பு போட்டோமா என்ற சந்தேகத்தில் இரண்டு தடவை போட்டுவிடுகிறார். சமையலறைக் குழாய் சொட்டுவது நிற்கவில்லை, நீ வந்து ஸ்பானரைக் கையில் எடுத்தால்தான் அது அடங்கும் போலிருக்கிறது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். வேலையை விட்டுவிட்டு உன்னோடு வந்து இருக்கச் சொல்லியிருக்கிறாய். ‘நானே எத்தனையோ பழைய லிஃப்டைக் கழட்டிப் போட்டிருக்கேன், ஒண்ணுக்காகவும் அழுததில்லை, நீ மட்டும் அந்த ஓட்டை செயற்கைக்கோளை இன்னும் எத்தனை நாளைக்கும்மா இடுப்புல தூக்கிட்டுத் திரிவே?’ என்று கேட்டிருந்தாய். எனக்குக் கோபம் வரவில்லை. அது வந்த வாரத்தில் நீ கேட்டதையேதான் பெரியவர்களும் முடிவு செய்திருந்தார்கள். நேற்று, செவ்வாய்க்கிழமை, அவளை நிரந்தரமாக அணைத்துவிடுவது என்று ஆராய்ச்சிக் குழு மூன்று வாரத்துக்கு முன்பே எழுதி அனுப்பிவிட்டது. வயதாகிவிட்டது என்பதற்காக இல்லை, அப்படியென்றால் நானே பெட்டியைக் கட்டியிருப்பேன். அவள் சொல்வதை இனி நம்ப முடியாது என்பது காரணம். அவளுடைய முக்கியமான கருவி பூமியைச் சுற்றியிருக்கும் காற்றின் விளிம்பைப் பார்த்து எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்று சொல்லும், அந்த எண் பலூன் சொல்கிற எண்ணோடு பல வருடமாக ஒத்துப்போகவில்லை. பலூன் என்றால் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஓசோன் அளக்கும் பெட்டியைக் கட்டி வாரம் ஒன்று பறக்கவிடுவாரே அவர், பலூன்காரர், சின்ன வயதில் உனக்கு ஒரு கிழிந்த பலூனை மழைக்கோட்டாக வெட்டித் தந்தவர். நடைபாதையில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், ‘என்ன மேடம், பெரியம்மா இன்னிக்கும் கதை விட்டாங்களா?’ என்று சீண்டுவார், நான், ‘உங்க பலூன்ல ஓட்டை இருக்கும், போய்ப் பாருங்க’ என்பேன். விளையாட்டாகத்தான் பேசிக்கொண்டோம், ஆனால் அது விளையாட்டு இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஒரு செயற்கைக்கோளை மூடுவதற்கும் ஒரு படிவம் உண்டு, நாற்பத்தொரு பக்கம். ஒவ்வொரு பாகமும் மொத்தம் எத்தனை மணி நேரம் உழைத்தது, எத்தனை மணி நேரம் உழைக்கும் என்று எதிர்பார்த்தார்கள் என்று அருகருகே எழுத வேண்டும். அதை நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. பதினேழாம் பக்கத்தில் சோதனை விளக்கு இருந்தது. கருவியின் கண் மங்குகிறதா என்று பார்க்க உள்ளேயே ஒரு சின்ன விளக்கு வைத்திருக்கிறார்கள், அதை ஏற்றிக் கண் எவ்வளவு வெளிச்சம் காண்கிறது என்று அளப்போம், குறைவாகக் கண்டால் கண் மங்கிவிட்டது என்று கொண்டு அந்த அளவுக்குக் கணக்கில் கூட்டிக்கொடுப்போம். எதிர்பார்த்த ஆயுள் இருநூறு மணி என்று எழுதினேன். உழைத்தது ஐந்நூற்று எழுபது மணி என்று வந்தது. தப்பாகக் கூட்டிவிட்டேன் என்று மறுபடி கூட்டினேன், அதே எண். பேனாவை வைத்துவிட்டேன். கண் மங்கவில்லை, மங்கியது விளக்கு. விளக்கின் சோர்வைக் கண்ணின் சோர்வு என்று எழுதி, இல்லாத நோய்க்கு ஒன்பது வருடமாக மருந்து கொடுத்திருக்கிறோம். அதைவிடப் பெரிய இடி அடுத்த வரியில் இருந்தது. முதலில் அந்த விளக்கை மாதம் ஒரு முறைதான் ஏற்றினார்கள். தினமும் பத்து நிமிடம் ஏற்ற வேண்டும் என்று விதி எழுதியது நான். அதற்காக எனக்குப் பாராட்டுப் பத்திரம்கூடத் தந்தார்கள், நம் வீட்டுப் புத்தக அலமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறதே, அதுதான். அக்கறையாகப் பார்க்கிறேன் பேர்வழி என்று பார்த்துப் பார்த்தே கெடுத்திருக்கிறேன். (அன்று அம்மா வீட்டுக்கு வந்ததும் நாற்காலி போட்டு ஏறி அந்தப் பத்திரத்தைக் கழற்றிப் படுக்கைக்கு அடியில் வைத்தார். காரணம் சொல்லவில்லை. சுவரில் இப்போது வெள்ளையாக ஒரு சதுரம் தெரிகிறது.)

மறுநாள் காலை எங்கள் நிலையத் தலைவரிடம் போனேன். கண் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதாது, காட்ட வேண்டும், அதற்குத் தேயாத ஒரு விளக்கு வேண்டும். மாற்று விளக்கின் சுவிட்ச் ஐந்து வருடத்துக்கு முன்பே போய்விட்டது. ஆனால் ஏவிய முதல் வருடத்தில் கருவியை ஒரு முறை நிலாவைப் பார்க்க வைத்து அளந்திருந்தார்கள், அந்தப் பழைய அளவு பத்திரமாக இருந்தது. நிலா தேய்வது நம் கண்ணுக்குத்தான், அதே பிறைக் கணக்கில் அதே கோணத்தில் பார்த்தால் அன்றைக்கு இருந்த வெளிச்சம்தான் இன்றைக்கும். அந்தப் பிறைக் கணக்கு அடுத்த புதன்கிழமை வந்தது, அணைக்கும் நாளுக்கு ஆறு நாள் முன்னால். அதை விட்டால் இன்னொரு மாதம் ஆகும், அதற்குள் அவள் இருக்க மாட்டாள். தலைவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ‘முனகற சக்கரத்தை வெச்சிட்டு அவ்வளவு தூரம் திருப்பணுமா? பாதியில நின்னுட்டா ஆறு நாள்ல மரியாதையா அணைக்க வேண்டியது அநாதையாச் சுத்திட்டுக் கிடக்கும், தெரியுமில்ல?’ என்றார். ‘அணைச்சிட்டா ஒம்பது வருஷக் கணக்கும் பொய்யினு முத்திரை விழுந்துடும் சார், அது மட்டும் பரவாயில்லையா?’ என்றேன். எல்லோரையும் கூப்பிட்டுப் பேசலாம் என்றார். கூட்டத்தில் பத்துப் பேர் இருந்தோம், பலூன்காரரும் இருந்தார். தலைவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, ‘இதென்ன, தினமும் ஏத்தியிருக்கு? இந்தப் புத்திசாலித்தனம் யாரோடது?’ என்று கேட்டார். பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம், அன்றைக்கு இருந்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. கையைத் தூக்கினேன். ‘நான்தான் சார்’ என்றேன். பலூன்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அவமானத்தைவிட அதுதான் வலித்தது. ஒன்பது வருடத்துக்கு முன்பு இரண்டு எண்ணும் முதலில் விலகத் தொடங்கியபோது, உங்கள் கருவிதான் சரியில்லை என்று அவருடைய பெட்டிகளைத் திருப்பி அனுப்ப வைத்தவர்களில் நானும் ஒருத்தி. கால் மணி நேரம் கழித்துக் கதவைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு வந்தார், இரண்டு கையிலும் அடுக்கு அடுக்காகப் பதிவேடுகள். மேசைமேல் தொப்பென்று போட்டுவிட்டு, ‘ஒம்பது வருஷமும் இதுல இருக்கு. நிலா என்ன சொல்லுதோ சொல்லட்டும், நான் ஒத்துப் பார்க்கணும். திருப்புங்க சார்’ என்றார். தலைவர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

புதன்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கட்டளைகளை ஏற்றினோம். மின்கலம் தாங்க வேண்டுமே என்று மற்ற இரண்டு கருவிகளையும் உறங்க வைத்தோம், சக்கரத்தை வழக்கமான வேகத்தில் பாதிக்கு இறக்கி, அவசரப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பச் சொன்னோம். அவள் உலகத்தின் மறுபக்கம் போய் நிலாவைப் பார்ப்பாள், பார்த்தாளா, நடுவில் நின்றுவிட்டாளா என்பது மறுநாள் காலைதான் தெரியும். அந்த ஒரு நாளை நான் எப்படித் தள்ளினேன் என்று அப்பாவைக் கேள், ஒரே சட்டைக்கு மூன்று தடவை இஸ்திரி போட்டேனாம். வியாழக்கிழமை பத்து நாற்பதுக்கு அடிவானத்தில் சிக்னல் இல்லை. பத்து நாற்பத்தொன்றுக்கும் இல்லை. என் பக்கத்து மேசைப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, ‘வாங்க பெரியம்மா, வாங்க’ என்று முனகிக்கொண்டிருந்தாள். பத்து நாற்பத்திரண்டுக்குத் திரையில் பச்சைக் கோடு துள்ளி எழுந்தது. மெதுவாகத் திரும்பி மெதுவாகவே பழைய நிலைக்கு வந்ததால் ஆன்டெனா எங்கள் பக்கம் நேராகச் சற்றுத் தாமதமாகிவிட்டது, வேறொன்றுமில்லை. நிலாவின் எண்ணைப் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தோம். கண் நூற்றுக்கு மூன்று பங்குதான் மங்கியிருந்தது. நாங்கள் இருபத்திரண்டு பங்கு என்று எழுதி வைத்திருந்தோம். நான் கத்தினேனாம், எனக்கு ஞாபகமில்லை. விளக்கு எப்படி வருடாவருடம் சோர்ந்தது என்று தெரிந்துவிட்டதால் ஒன்பது வருடக் கணக்கையும் திருத்திவிடலாம் என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்த ஒன்பதில் முதல் வருடத்தைத் திருத்தி ஒரு தாளில் வரைந்து எடுத்தோம். பலூன்காரர் தன் பதிவேட்டுக் கோட்டை இன்னொரு தாளில் வரைந்திருந்தார், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் வெயிலுக்கு எதிரே அழுத்திப் பிடித்தார். இரண்டு கோடு தெரியவில்லை, ஒன்றுதான் தெரிந்தது. அந்தப் பெரிய மனுஷர் கண்ணாடியை விட்டு முகத்தைத் திருப்பாமலே, ‘ஏன் மேடம், நான் ஒழுங்காத்தான் பறக்க விட்டிருக்கேன் இல்ல?’ என்றார். ‘நீங்களும் ஒழுங்கு, அவளும் ஒழுங்கு, நடுவுல நான்தான்’ என்றேன். ‘அதான் கையைத் தூக்கிட்டீங்களே, விடுங்க’ என்றார். கீழ்த்தளத்தில் இருந்த தலைவரிடம் அந்தத் தாள்களைக் காட்ட ஓடினேன், அந்த ஓட்டத்தில்தான் படிக்கட்டு. தாள் இரண்டும் கசங்கவில்லை.

திங்கட்கிழமை ஆராய்ச்சிக் குழு கூடியது. இருபது நிமிடத்தில் முடித்துவிட்டார்கள், அணைப்பது இல்லை, இன்னும் இரண்டு வருடம், அதற்கு முன் சக்கரம் நின்றால் நின்றது. விளக்கை வருடத்துக்கு ஒரு முறை, நிலாவை மாதம் ஒரு முறை என்று புது விதி எழுத வேண்டும், அதையும் என்னையே எழுதச் சொன்னார்கள். ‘வேற யாரையாவது சொல்லுங்க சார்’ என்றேன், தலைவர், ‘இனிமே இந்தத் தப்பை நீங்க பண்ண மாட்டீங்க, மத்தவங்களுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது’ என்றார். ஆகவே கண்ணு, அம்மா இப்போது வர மாட்டேன். லிஃப்ட் வேறு, இவள் வேறு என்று வாதாட வரவில்லை, ஓடாத லிஃப்டைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் ஓடுகிறதா இல்லையா என்று பார்க்காமல் நீ எந்த லிஃப்டையும் கழற்றியிருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் கழித்து வருகிறேன், உன் வீட்டில் உட்கார்ந்து உன் சமையலில் குறை சொல்கிறேன். அதற்குள் உனக்கு விடுமுறை கிடைத்தால் நீ வா, ஒரு காலை என் பக்கத்து நாற்காலியில் பன்னிரண்டு நிமிடம் உட்கார், அவள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்.

லிஃப்ட் குழியில் இறங்கும்போது இடுப்பு பெல்ட்டை மாட்டிய பிறகு ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார், அது விளக்கு இல்லை, பார்ப்பதால் தேயாது. அந்தச் சளி இருமல் போய்விட்டதா என்று அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது, போனில் கேட்டால் சரியாகிவிட்டது என்றுதான் சொல்வாய். அப்பா உனக்கு ஆசி சொல்லச் சொன்னார், எப்போதும் சொல்வதுதான், கை நிறைய வேலையும் மனம் நிறைய தைரியமுமாக நன்றாக இரு. (அக்கா, அந்தப் பத்திரத்தை மறுபடி மாட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாமாம். அந்த இடத்தில் ஜன்னலில் வைத்துப் பார்த்த இரண்டு தாள்களையும் சேர்த்து மாட்டப் போகிறோம், அப்பா ஆணி வாங்கிவிட்டார்.)

நேற்று செவ்வாய்க்கிழமை, அவளை அணைப்பதாக இருந்த நாள். பத்து நாற்பதுக்கு வந்தாள், பன்னிரண்டு நிமிடம் இருந்தாள், போனாள். அன்றாடப் பதிவை இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். சோதனை விளக்கு: ஏற்றப்படவில்லை. மற்ற எல்லாம்: இயல்பு.

என்றும் உன்மேல் உயிரான,
அம்மா