நான்கு மணி நேரம் ஓடியது!

வெண்டெல்,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். மான்கறி சூப் ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சுடவைத்துச் சாப்பிடு.

நேற்று உறைந்த ஏரிமேல், மீன்பிடிக் குடிலில் உட்கார்ந்து என்ன சொன்னாய்? "இந்த கேம் மெஷின்ல சார்ஜ் ஒரு மணி நேரங்கூட தாங்காதுடி, வித்துத் தொலை!"

நீ தூண்டில் விட்ட பனித்துளையையே முறைத்துக்கொண்டிருந்தபோது, நான் கேம் மெஷினின் மின்செலவைப் பதினைந்து வாட்டிலிருந்து எட்டுக்கு இறக்கினேன். திரை வெளிச்சத்தையும் குறைத்தேன். குளிரில் சார்ஜ் போய்விடாமல் அவ்வப்போது கோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். நான்கு மணி நேரம் ஓடியது! கடைசி அரக்கனையும் வீழ்த்திவிட்டேன். என் கூச்சலில் மீன் ஓடிவிட்டது என்று சொல்லாதே. அதற்கு முன்பும் உனக்கு ஒன்றும் மாட்டவில்லை.

லோரீன்

பி.கு.: ஒரு மணி நேரத்தில் செத்தது உன் மீன் காட்டும் கருவிதான். அதை விற்றுத் தொலைக்கட்டுமா, இல்லை சனிக்கிழமை ஏரிக்குப் போகும்போது அதையும் என் கோட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டுமா?